காணியில்லாதவர்கள் வெட்டிய கான்

நான் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே மனைவி என்னைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பி வைத்தாள். அங்கே ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் இலவச வகுப்பு. பழங்களைப் போத்தலில் அடைப்பது, வீட்டுத்தோட்டம், நிலப் பராமரிப்பு. மூன்றிலும் எனக்கு ஆர்வம் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீடு நாலாம் மாடியில் இருக்கிறது.

"வீட்டில இருந்து ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பாக்கிறதுக்கு இது பரவாயில்லை," என்றாள்.

படிப்பித்தவர் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த இளம் பெண். விவசாயம் படித்தவர். போத்தலைக் கொதிநீரில் அவிக்கவும், ஆறிய பிறகு மூடி உள்வாங்கியிருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்க்கவும் காட்டித் தந்தார். அன்னாசி ஜாம் ஒழுங்காக வந்தது. வாளியில் நட்ட பச்சைமிளகாயும் வந்தது. பிறகு, சரிவான நிலத்தில் மண் அரிக்காமல் மழைத்தண்ணீரைத் திருப்பிவிடும் கான் வெட்டும் பாடம் தொடங்கியது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் கையை உயர்த்தினார்.

"மிஸ், இங்க ஒருத்தருக்கும் காணி இல்ல."

"யாருக்குமே இல்லீங்களா?"

கிருலப்பனையிலிருந்து வரும் ஒரு அம்மா தனக்குப் பல்கனி இருப்பதாகச் சொன்னார். அது சரிவாக இல்லை.

மிஸ் யோசித்துவிட்டு எங்களை மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஒரு மண்மேடு. மழை பெய்தால் சேறு மண்டபத்துக்குள் வரும். ஃபாதரிடம் அனுமதி கேட்டு, மேட்டுக்குக் குறுக்காகக் கான் வெட்டினோம். என் கையெல்லாம் கொப்புளம்.

அந்தக் கிழமை பெருமழை. சனிக்கிழமை போய்ப் பார்த்தால் மண்டபம் காய்ந்து கிடந்தது. நாங்கள் அதை ரசித்துக்கொண்டிருக்கும்போது எல்லோரும் நானா என்று கூப்பிடும் பக்கத்து ஹார்ட்வெயார் கடை முதலாளி உள்ளே வந்தார்.

"இந்தக் கானை ஆர் வெட்டின?"

"நாங்கதான், நானா," என்றார் கிரேன்காரர்.

"இங்க வந்த தண்ணியெல்லாம் இப்ப என்ட கடைக்கு வருது. அடியில கிடந்த சிமெந்தெல்லாம் கல்லாப் போயிட்டு."

நான் வேலை செய்தது கப்பல் கொம்பனியில். சரக்கு நனைந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கடிதம் எழுதுவதுதான் என் வேலை. அன்றைக்குக் கொப்புளம் காயாத கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மிஸ்தான் பேசினார். "தப்பு என்மேலதாங்க. தண்ணி எங்க போய் முடியும்னு நான் பாக்கல." முதலாளியோடு கடைக்குள் போய், இறுகிப்போன மூட்டையொன்றைத் தட்டிப் பார்த்தார். "இதுகள எங்களுக்குக் குடுப்பீங்களா? தடுப்புக் கட்டலாம்."

முதலாளி மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்தார். "எடுங்க. இனி அத ஆர் வாங்கப் போற."

ஒவ்வொரு மூட்டையையும் நாலு பேராகத் தூக்கிவந்து, கடைச் சுவரோரம் வரிசையாக அடுக்கி, கானைத் தெருப்பக்கம் திருப்பினோம். முதலாளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பிழை பிடித்தார். மத்தியானம் எல்லோருக்கும் பிளேன்டீ அனுப்பினார். அனுப்பிவிட்டுத் திரும்பவும் வந்து பிழை பிடித்தார்.

அடுத்த வகுப்பன்று மழை. எல்லோரும் பின்கதவில் நின்று பார்த்தோம். முதலாளியும் குடையோடு வந்து நின்றார். தண்ணீர் இறங்கி வந்து, சிமெந்துக் கற்களில் முட்டி, திரும்பித் தெருக்கானுக்குப் போனது. ஒருவரும் கைதட்டவில்லை.

"போகுது," என்றார் முதலாளி.

அன்றைய பாடம் புளிப்புத் தேசிக்காயில் ஊறுகாய் போடுவது. மிஸ் அவரையும் உட்காரச் சொன்னார். என் பக்கத்தில்தான் கதிரை இருந்தது.

"எனக்கு இதெல்லாம் தெரியா," என்றார்.

எனக்கும் தெரியாது என்று சொல்லி, கத்தியையும் ஒரு தேசிக்காயையும் அவரிடம் கொடுத்தேன்.