கடல்காத்துப் பங்கு

அண்ணன் தங்கப்பழம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் சீலா மீனுக்கு மஞ்சள்தூள் தடவிக்கொண்டிருந்தேன். மீனைப் பொரித்து, சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டுத்தான் கிளம்பினேன். துஷ்டி வீட்டில் எல்லோரும் அவரை வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தீர்கள். அவரிடம் தோட்டா வாங்கியவர்கள் நீங்கள், புகழலாம். கூடப்பிறந்தவள் அறிந்த அண்ணனையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துறைமுகம் போகிற சாலையில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை அவருடையது. வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வர்களுக்குக் கப்பலில் தோட்டா வருவது நின்றபின், சுட்ட தோட்டாவையே மறுபடி நிரப்பித் தருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வெறும் பித்தளைக் கூட்டைக் கல்லில் போட்டு ஓசை கேட்பார். கணீரென்று ஒலிக்காவிட்டால் விரிசல் என்று வீசிவிடுவார். ஈயத்தை நகத்தால் கீறிப் பார்ப்பார். நகம் பதியாத ஈயம் பழைய குழலுக்கு ஆகாது. மனிதர்களையும் அப்படித்தான் எடைபோட்டார். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவரைப் பற்றி அவர் சொன்னது இது: “ஏளா, மாப்பிள்ள நல்ல மெது ஈயம். நகம் அழகாப் பதியுது.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பழைய ரிவால்வருக்குக் கருமருந்து என்கிற பழைய வெடிமருந்துதான் பொருத்தம். அது கிடைக்காமல் போகவே புகையில்லாத மருந்துக்கு மாறினார். அதற்கு வீரியம் அதிகம். கூட்டின் அடியில் கொஞ்சம் கிடந்தாலே போதும். அதை அள்ளப் பித்தளையில் ஒரு சின்னக் கரண்டி செய்தார். இந்த ஊர் உப்புக் காற்றில் தீப்பெட்டியே நமத்துப்போகும், மருந்து நமத்துப்போகாதா? அதற்கு ஈடாகக் கரண்டியின் விளிம்பை ஒரு நூல் உயர்த்தி வைத்தார். “கடல்காத்துக்கும் ஒரு பங்கு குடுக்கணும்” என்பார். கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லாத கருமருந்துக் காலத்தில் பழகிய கை அது.

என் கணவருக்கு முத்தையாபுரத்தில் உப்பளம். அவர் அப்பா வைத்திருந்த ரிவால்வரை வருஷத்துக்கு ஒருமுறை சுட்டுப் பார்ப்பார். அந்த வருஷம் அண்ணன் நிரப்பித் தந்தது புதிதாகச் சீல் உடைத்த டின்னிலிருந்து. துளி நமப்பில்லாத மருந்து. காற்றுக்கென்று கூட்டி அள்ளிய பங்கும் அப்படியே கூட்டுக்குள் போயிற்று. ரிவால்வர் கையிலேயே வெடித்துச் சிதறியது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. ஒரு கண்ணும் போனது.

ஆஸ்பத்திரிக்கு வந்த அண்ணன் என்னிடம் சொன்னார்: “கை போனா என்ன, ஒந் தாலி இருக்குல்லா?”

“அண்ணே, மருந்து கூடப் போட்டியளா?” என்று கேட்டேன்.

“துப்பாக்கி கெழடு. நான் என்ன செய்ய?”

மாப்பிள்ளையே வீட்டில் நிரப்பிச் சுட்டுவிட்டார் என்று போலீசிடம் சொன்னார். என் கணவரும் தலையாட்டினார். நான் கத்தியபோது, “மச்சான் கடய மூடிருவாங்க. எனக்குக் கையே போயிட்டு, இனி லைசென்ஸ் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?” என்றார். வழக்கு அவர்மேல்தான் நடந்தது. கட்டுப்போட்ட கையோடு கோர்ட்டில் அவர் நிற்க, அண்ணன் எதிர்ச்சாட்சி சொன்னார். நகம் அழகாகத்தான் பதிந்தது.

எனக்கு அண்ணனிடம் வேண்டியிருந்தது ஒரே வார்த்தை: “கூடப் போட்டுட்டேன்.” ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்டேன். என் கணவர் செத்துக் கிடந்த அன்றும் கேட்டேன். துப்பாக்கி கிழடு என்பதே பதில். கேட்டுக் கேட்டு, மனுஷனுக்கு உண்மையிலேயே தெரியவில்லையோ என்று கடைசியில் எனக்கே இரக்கம் வந்துவிட்டது.

பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்தபின் அண்ணன் மகன் கடையைத் திறந்துவிட்டான். “அத்தை, அப்பா ஞாபகமா எதையாச்சும் எடுத்துக்கிடுங்க” என்றான். நான் அந்தக் கரண்டியை எடுத்தேன். உயர்த்திய விளிம்பைக் காணோம். சுற்றிலும் அரம் போட்ட தடம்.

“இத எப்பம்ல ராவினது?”

“மாமாவுக்குக் கை போச்சுல்லா, அந்த வாரமே அப்பாதான் ராவினாவ. நீங்க அப்பம் ஆஸ்பத்திரியில இருந்தீங்க.”

அதற்குப்பின் அவரிடம் தோட்டா வாங்கிய உங்களில் ஒருவருக்கும் ஒரு நகம்கூடப் போகவில்லை. தாராளமாகப் புகழுங்கள்.

அவர் ஞாபகமாக என்னிடம் இருப்பது அந்தக் கரண்டி ஒன்றுதான். புளி போட்டு நன்றாக விளக்கி மஞ்சள்தூள் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மீனுக்கு அதில்தான் அள்ளுகிறேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவு மிகச் சரியாக இருக்கிறது.