சத்தமில்லாமல் ஊதிய எட்டு வாரம்

வயதான அப்பாவையோ அம்மாவையோ குரல் சிகிச்சைக்குப் புதுச்சேரிக்கு அழைத்து வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் எழுதுவது யாருக்கும் தெரியாது.

என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அறுபத்தாறு வயது. நான் தாமதமாகப் பிறந்த ஒரே பெண். எங்கள் தெருப் பள்ளிவாசலில் அவர்தான் மோதினார். ஐந்து வேளையும் தொழுகைக்குப் பாங்கு சொல்பவர். ஒரு வருடமாக அவர் குரல் வெறும் காற்றாகப் போகிறது. ரமலான் நோன்புக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் வைப்பதாக ஜமாஅத்தில் சொல்லிவிட்டார்கள். நோன்புக்கு நான்கு வாரம்தான் இருக்கிறது.

அம்மாவுக்குத் தட்டாஞ்சாவடி கம்பெனியில் காலை ஷிஃப்ட். அதனால் செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கு லீவு போட்டேன். ஏழு பத்துக்கு மூலக்குளத்தில் பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்டு வரை ஆளுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது. அத்தா வழி சொன்னது டிரைவருக்குக் கேட்கவில்லை.

"என்னா பாய், ரகசியமா சொல்றீங்க? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்!"

அத்தா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் இரண்டு மாதம் முன்பு, அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்து 'ஊ' என்று சத்தமாக ஊதச் சொல்லியிருந்தார் ஸ்பீச் தெரபிஸ்ட் அக்கா. தினம் ஐந்து முறை. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே இருப்பவள் என் வகுப்பு. "உங்க வூட்ல எருமை வாங்கியிருக்கீங்களாடி?" என்று மறுநாளே பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்து, "அத்தா, சத்தம் வேணாம், காத்து மட்டும் ஊதினா போதுமாம்" என்றேன். பயிற்சியைக் கேட்டு நோட்டில் எழுதி வந்தவள் நான். அவர் நம்பினார். நானும் தினம் டிக் போட்டேன்.

பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். அத்தா ஊதிக் காட்டினார். குமிழி மட்டும் வந்தது.

"சத்தம் எங்க பாய்?"

அத்தா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "நான்தாம்மா தப்பா புரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

அக்கா நோட்டை மூடினார். "சின்ன வயசுன்னா விட்டதைச் சீக்கிரம் புடிச்சிடலாம். இந்த வயசுல குரல் தசை மெலிஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் சேராம நடுவுல காத்து போவுது. பயிற்சி பலன் குடுக்கும், ஆனா நாளாவும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"நோன்புக்குள்ள?" என்றார் அத்தா.

"கஷ்டம் பாய்."

திரும்பும் வழியில் அவர் என்னை ஒன்றுமே கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்று மாலையே ஜமாஅத்துக்குப் போய், நோன்புக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தார். நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

போகிறவர்கள் ஏழரைக்குள் டோக்கன் வாங்குங்கள். நாங்கள் ஏழே முக்காலுக்குப் போய் அவ்வளவு நேரம் காத்திருந்தோம். பழைய சீட்டை மறக்காதீர்கள். வயது ஆகிவிட்டது, இனி என்ன என்று விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். வீட்டில் ஊதும்போது குமிழி வந்தால் மட்டும் போதாது. அவர்கள் தொண்டையில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள், அதிர வேண்டும்.

எட்டு வாரத்தில் ஒரு நாள்கூட நான் கையை வைக்கவில்லை.