சலூன் வாங்கிலே எனக்கும் ஓர் இடம்

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஒரு மே மாதச் சனிக்கிழமை. கொழும்புத்துறைக்குப் பக்கத்தில், கடலேரிக் கரையோரம் இருக்கிறது எங்கள் ஊர். மறுநாள் ஞாயிறு என் சின்ன மகனுக்குக் கோயிலில் முதல் நன்மை, நற்கருணை முதன்முதலாக வாங்குகிற நாள். வெள்ளைச் சட்டை தைத்து வந்துவிட்டது, மெழுகுதிரியும் வாங்கியாகிவிட்டது. தலைமயிர் மட்டும் காதை மூடிக்கொண்டு நின்றது.

நான் நண்டுக் கொம்பனியில் வேலை செய்கிறேன். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. சனிக்கிழமை அரை நாள்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மூத்தவனைக் கூப்பிட்டு, தம்பியைச் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றேன். மூத்தவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. சொன்ன வேலையைச் செய்கிற பிள்ளை. அன்றைக்கு மாட்டேன் என்றான். காரணம் கேட்டால் வாய் திறக்கவில்லை. எனக்குப் பலகாரம் சுட வேண்டும், விடிந்தால் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், உடம்பெல்லாம் நண்டு மணம், இன்னும் குளிக்கக்கூட இல்லை. இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை, கன்னத்தில் ஒன்று வைத்தேன்.

அவன் அழவில்லை. "தம்பியை அங்கை விடாதேங்கோ அம்மா. ரீவியிலை கூடாத படம் போடுறவை. அவன் சின்னன்" என்றான்.

எப்போதிருந்து என்று கேட்டேன். கன காலமாக என்றான். தோண்டித் துருவியதில், பத்து வயதிலிருந்தே என்று தெரிந்தது. ஏனடா எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னான்.

"சொன்னா நீங்கள் எனக்குத்தானே அடிப்பீங்கள்."

அடித்த கை அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த வெட்கத்தைப் போல வாழ்க்கையில் வேறு எதற்கும் வந்ததில்லை.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். சலூனுக்குள் பெண்கள் போவதில்லை. யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, ஆனால் போவதில்லை. தாய்மார் தெருவில் நின்று, ஒட்ட வெட்டி விடு என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பி விடுவோம். சனி இரவு எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகமாட்டார்கள், மறுநாள் பூசை. அதனால் சனி பின்னேரம் ஆண்கள் எல்லாம் சலூனில்தான் கூடுவார்கள். அங்கே சின்னப் பிள்ளைக்கு வரிசை என்று ஒன்று கிடையாது. யார் பெரியவர் வந்தாலும், பெடியன்தானே, இருக்கட்டும் என்று முந்திக்கொள்வார்கள். கால்மணி வேலைக்குப் பிள்ளை இரண்டு மணித்தியாலம் வாங்கிலே, சுவரோரம் கிடக்கிற அந்த நீளப் பலகை இருக்கையிலே, காத்துக் கிடக்கும்.

இது எனக்குத் தெரியாததல்ல. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு மணித்தியாலம் எனக்குப் பிடித்திருந்தது. வீடு அமைதியாக இருக்கும், உடுப்புத் தோய்க்கலாம், கொஞ்சம் முதுகைச் சாய்க்கலாம். அவ்வளவு நேரமும் பிள்ளை அங்கே எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

ஆண்கள் கூடியதும் முன்கதவைச் சாத்திவிட்டு, பென் ட்ரைவ் ஒன்றைச் சொருகுவார்களாம். வாங்கில் இருக்கிற பெடியன்களிடம், அங்காலை பாருங்கோடா என்பார்களாம். எங்காலே பார்க்கிறது? சலூனில் முன்னும் கண்ணாடி, பின்னும் கண்ணாடி. என் பிள்ளை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அந்தத் தரையில் எத்தனை மாபிள் கல், அதில் எத்தனை வெடித்தது என்று அவனுக்கு மனப்பாடம்.

நான் குளிக்கவில்லை, உடுப்பு மாற்றவும் இல்லை. சின்னவனின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே போய், சலூன் படியேறி உள்ளே நுழைந்தேன். வாங்கில் ஐந்து பேர். ஒருவர் அவசரமாக ரிமோட்டை அமர்த்த, ரீவி கிரிக்கெட்டுக்கு மாறியது. கடைக்காரர் என்னைவிட இளையவர், கத்தாரில் வேலை செய்து வந்து கடை போட்டவர். "அக்கா, வெளியிலை நில்லுங்கோ, நான் வாறன்" என்றார். நான் வாங்கின் ஓரத்தில் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் விட்டார். மரியாதைக்கோ நண்டு மணத்துக்கோ தெரியாது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைகள் இருக்கும்போது இங்கே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், இனி ஓடக்கூடாது என்றேன். கத்தவில்லை. கடைக்காரர் இல்லையென்று மறுக்கவும் இல்லை. பெரிய ஆட்கள் வருகிற இடம் அக்கா, போடாவிட்டால் சந்தியில் இருக்கிற மற்றச் சலூனுக்குப் போய்விடுவார்கள் என்றார். அதற்குள் வாங்கின் மறு கோடியில் இருந்த வயதான ஒருவர் வாயைத் திறந்தார்.

"பிள்ளையைப் பாக்கிறது தாய் தேப்பன்ரை வேலை, தங்கச்சி. சலூன்காரன்ரை வேலை இல்லை."

"ஓம் அண்ணை. அதுதான் வந்து இருக்கிறன்" என்றேன்.

என்னைக் கெதியாக அனுப்பிவிடலாம் என்று நினைத்துக் கடைக்காரர் சின்னவனை உடனே கதிரைக்குக் கூப்பிட்டார். நான் விடவில்லை. எங்களுக்கு முதல் ஐந்து பேர் இருக்கிறார்கள், வரிசைப்படி வெட்டு என்றேன். அன்றைக்கு அந்த ஐந்து பேரும் வெட்டி முடியும் மட்டும் நான் எழும்பவில்லை. இடையில் இருவர் படி வரைக்கும் வந்து, என்னைக் கண்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். பலகாரத்தை அன்று ராத்திரி அரைத் தூக்கத்தில்தான் சுட்டேன். பாதி கருகிப் போனது.

ஞாயிறு பூசையில் சின்னவன் அழகாக நின்று முதல் நன்மை வாங்கினான். மூத்தவன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தான். பூசை முழுக்க அவனுடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தலைமயிரையும் நான்தானே மாதா மாதம் அங்கே அனுப்பி வெட்டுவித்தேன்?

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனேன். தனியாக. யாருக்கு அக்கா வெட்டுகிறது என்று கடைக்காரர் கேட்டார். ஒருவருக்கும் இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லி, ஒரு சுளகில் வெங்காயத்தை வைத்து உரிக்கத் தொடங்கினேன். பிள்ளைகளைத் தவிர ஒருவரும் கடைக்குள் வரவில்லை. அன்றுதான் முதல் தடவையாக எங்கள் ஊர்ப் பெடியன்கள் கால்மணியில் தலைமயிர் வெட்டி வீட்டுக்குப் போனார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? பெண்கள்தான் முதலில் தொடங்கினார்கள். ஆம்பிளைகளின் இடத்தில் இவளுக்கு என்ன வேலை என்றார்கள். என்னோடு நண்டு உடைக்கிற ஒருத்தி, அடுத்த கிழமை நானும் வருகிறேன் என்று வீரம் பேசினாள், வரவில்லை. கோயில் சபையில் இருக்கிற ஒருவர் வீட்டுக்கே வந்து, நல்ல வளர்ப்பு என்பது வீட்டிலே தொடங்க வேண்டியது, ஒரு உழைப்பாளியின் கடையில் போய்க் குந்தியிருந்து அவன் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்று பதமாகச் சொன்னார். தேத்தண்ணி குடித்தார், போனார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் குதித்தார். துறையில் தலை காட்ட முடியவில்லையாம், மானம் போகிறதாம். பிள்ளைக்கு நடந்ததை அவரிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். அதற்கு ஒரு சொல்லும் சொல்லாதவர், மானத்துக்குக் குதித்தார். எனக்கு அப்போதே ஏதோ இடித்தது. ஆனாலும் ஏனென்று யோசிக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமையும் போனேன். அன்றைக்கு வாங்கு நிறைய ஆட்கள். சொல்லிவைத்து வந்த மாதிரி இருந்தது. கடைக்காரருக்கு இரண்டு சனியாக உழைப்புக் குறைந்த கோபம். கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, அந்தப் பென் ட்ரைவ் என்ரை இல்லை. ஆர் தந்தது எண்டு உங்கடை வீட்டுக்காரரிட்டைப் போய்க் கேளுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பிள்ளைக்கு நடந்ததைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழும்பி ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அதற்காகத்தான் அத்தனை பேர் வந்திருந்தார்கள், நான் எழும்பி ஓடுவதைப் பார்க்க. குனிந்தபோது தரையில் ஒரு வெடித்த மாபிள் கண்ணில் பட்டது. என் பிள்ளை மூன்று வருடம் பார்த்த மாபிள். நான் எழும்பவில்லை.

"அவரிட்டை வீட்டை போய்க் கேக்கிறன். உன்னட்டை இஞ்சை கேக்கிறன்" என்றேன். "தந்தது அவர். கதவைச் சாத்திப்போட்டு, என்ரை பிள்ளைக்கு முன்னாலை போட்டது ஆர் தம்பி?"

நான் வாங்கில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினேன். தாய் தேப்பன்ரை வேலை என்று சொல்கிறீர்களே, உங்களில் எத்தனை பேர் தேப்பன்மார் என்று கேட்டேன். வாங்கில் இருந்த பெடியன் தன்னுடைய பிள்ளை இல்லையென்றால் அவன் யாருடைய பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லையா என்றும் கேட்டேன். அந்த வயதான அண்ணன்தான் முதலில் எழும்பினார். போகிற போக்கில் ரீவியின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போனார்.

வீட்டில் நடந்ததை எல்லாம் எழுதப் போவதில்லை. பாட்டு என்று நினைத்துக் கொடுத்தேன் என்று தொடங்கினார். பிறகு, தான் கிழமை நாளில் மட்டும் போகிற ஆள், பிள்ளைகள் இருக்கும்போது போடுவார்கள் என்று நினைக்கவில்லை என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். எங்கள் பிள்ளை அங்கே எதைப் பார்க்கிறான் என்று நானும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. என் பங்கை நான் ஒத்துக்கொண்டேன். உங்கள் பங்கை வாயால் சொன்னால் போதாது, வருகிற சனிக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரையும் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். போகமாட்டேன் என்றார். அப்படியென்றால் நான் போவேன், ஒவ்வொரு சனியும் போவேன், நான் கிழவியாகும் மட்டும் எனக்கு நேரம் இருக்கிறது என்றேன்.

போனார். நான் அன்று தெருவில் நின்றேன், வழக்கம் போல. பிள்ளைகளை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார். சிநேகிதர்கள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். கொஞ்ச நேரம் செருமிக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளையள் இருக்கேக்கை அந்த ரீவியை நிப்பாட்டு தம்பி என்றார். தெருவரைக்கும் கேட்டது. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அதைவிடக் கஷ்டப்பட்டு ஒரு பிள்ளை மூன்று வருடம் வாய் மூடி இருந்தான் என்பதும் தெரியும்.

கடைக்காரரும் நானும் இப்போது பகையில்லை. சனிக்கிழமையில் பிள்ளைகளுக்கு முதலில் வெட்டுகிறார், ரீவி ஓடுவதில்லை. ஆட்கள் மற்றச் சலூனுக்கு ஓடிவிடவும் இல்லை. எல்லாம் திருந்திவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆளாளுக்குக் கையில் ஃபோன் இருக்கிறது. எந்தக் கடையில் போய் எத்தனை நாள் குந்தியிருப்பது?

போன மாதம் மூத்தவன் ரியூசன் முடிந்து வந்து, குசினி வாசலில் நின்றான். பதினைந்து வயது, என்னைவிட உயரம். கூடப் படிக்கிற ஒருவன் ஃபோனில் காட்டுகிற படங்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றான். நான் கேட்காமலே, தானாக வந்து. "அடிக்கமாட்டீங்கள்தானே" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்லு என்றேன். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கப் பிடிக்க முழுவதையும் கேட்டேன்.

பிள்ளையைப் பார்ப்பது தாயின் வேலை என்று இன்றைக்கும் யாராவது எனக்குச் சொன்னால் ஓம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த வேலை என் வீட்டு வாசற் படலையோடு முடிகிறது என்று எவர் சொன்னாலும், வெங்காயச் சுளகைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கடை வாங்கிலே உட்கார நான் தயார்.