எஸ்கலேட்டர் கோவிந்தம்மா

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோவிந்தம்மா வீடு எது என்று கேட்டால் யாரும் வழி சொல்லமாட்டார்கள். எந்தக் கோவிந்தம்மா என்று திருப்பிக் கேட்பார்கள். ஏழுமலையானுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு பெண் குழந்தைக்கு வேறு என்ன பெயர் வைக்கத் தோன்றும்? தெருவுக்கு ஒரு கோவிந்தம்மா இருக்கிறாள். எஸ்கலேட்டர் கோவிந்தம்மா என்று சொன்னால் போதும், கூடவே நடந்துவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள்.

திருப்பதியில் அந்த மால் திறந்தபோது அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். ஊர் அதைக் கண்ணாடி மால் என்று சுருக்கிக்கொண்டது. உள்ளே நுழைந்ததும் எதிரே எஸ்கலேட்டர். அதன் அடியில் நீலப் புடவை யூனிபாரத்தில் நிற்பதுதான் கோவிந்தம்மாவுக்கு வேலை. சும்மா நிற்பதற்கா சம்பளம் என்று கேட்பவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து பார்த்திருக்க வேண்டும். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் பூசிய சந்தனம் காயும் முன்பே குடும்பம் குடும்பமாக வந்து சேர்வார்கள். ஓடுகிற படியைக் கண்டதும் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிடுவார்கள். சிலர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போவார்கள். கோவிந்தம்மா பாய்ந்து கையைப் பிடிப்பாள். "செருப்ப மாட்டிக்கம்மா, இது கோயிலு இல்ல, கடை" என்று தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிச் சொல்வாள். கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, "வலது காலு... குடி காலு முந்து" என்று ஒவ்வொருவராக ஏற்றிவிடுவாள். பத்து வருஷத்துக்கு மேல் இதையே செய்தாள். அவள் கையைப் பிடித்த ஒருவரும் கீழே விழுந்ததில்லை.

அந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது கல்யாணக் கூட்டம்தான். மூன்றாம் மாடியில் பட்டுக் கடை இருந்தது. நகரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு முகூர்த்தப் பட்டு எடுக்க வருவார்கள். மணப்பெண்ணை முன்னால் விடுவார்கள். அந்தப் பெண் வெட்கமும் பயமுமாகக் கையை நீட்டுவாள். அதைப் பிடிக்கிற முதல் கை கோவிந்தம்மாவுடையது.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கோவிந்தம்மா தாலி அறுத்தவள். அவள் புருஷன் வேதாச்சலம் பங்காருபாளையத்துக்கு மாங்காய் லோடு ஏற்றப் போனவன், லாரியிலிருந்து சரிந்து விழுந்து உயிரோடு திரும்பவில்லை. அன்றிலிருந்து ஊரில் ஒரு நல்ல காரியத்திலும் அவள் முன்னால் நின்றது கிடையாது. அவளை யாரும் போ என்று சொன்னதில்லை. ஆரத்தித் தட்டு வெளியே வரும்போது அவளாகவே சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவாள். சொல்லிவைக்காமலே நடக்கிற கொடுமைகளுக்குத்தான் ஆயுசு கெட்டி.

மாலில் வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் ஹரிபாபு ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை நீட்டினார். "மொகம் காலியா இருக்கக் கூடாதும்மா, கஸ்டமர் பாக்கறாங்க இல்ல" என்றார். அவருக்கு அது யூனிபாரத்தில் சேர்ந்தது. கோவிந்தம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேலை வேண்டுமே, ஒட்டிக்கொண்டாள். சாயங்காலம் புத்தூர் வருவதற்குள் பொட்டை எடுத்து பஸ் ஜன்னல் கம்பியில் ஒட்டிவிட்டு இறங்குவாள். மாலுக்குள் இருக்கும் நேரம் மட்டும் அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. எத்தனை கல்யாணப் பெண்கள் அவள் கையைப் பிடித்து ஏறிப் போனார்கள்! ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அதனால் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. மகள் மோகனப்ரியாவுக்குக் கல்யாணம் கூடிவரும்போது முகூர்த்தப் பட்டை இந்த மாலில்தான் எடுக்க வேண்டும். பெற்ற பெண்ணின் கையைத் தானே பிடித்து ஏற்றிவிட வேண்டும். வீட்டில் என்றால் வேதாச்சலத்தின் தம்பி எத்திராஜின் பெண்டாட்டிதான் தாய் ஸ்தானத்தில் நிற்பாள். மாலில் என்றால் அது கோவிந்தம்மாவின் டியூட்டி. டியூட்டியை யார் தடுக்க முடியும்?

ஆனால் மாலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கொரோனா வந்து போனபிறகு மேல்மாடி தியேட்டர் முழுசாகத் திறக்கவே இல்லை. செருப்புக் கடை போயிற்று, பொம்மைக் கடை போயிற்று. வருகிறவர்கள் ஏசி காற்றுக்கு வந்தார்கள். புடவையை விரிக்கச் சொல்லி, போனில் படம் பிடித்து, அதே போனில் வேறு எங்கே சல்லிசாகக் கிடைக்கும் என்று கடைக்காரன் எதிரிலேயே தேடிப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? கோவிந்தம்மா வீட்டுக்கே வாரம் ஒரு பார்சல் வந்துகொண்டுதான் இருந்தது. கரன்ட் செலவுக்குப் பயந்து எஸ்கலேட்டரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டினார்கள். மற்ற நாட்களில் ஓடாத படிக்குப் பக்கத்தில் கோவிந்தம்மா நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் மோகனப்ரியாவுக்கு இடம் அமைந்தது. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் அவள். மாப்பிள்ளை யஸ்வந்த், கார்வேட்டிநகரம், நாயுடுபேட்டையில் வேலை. அவன் அம்மா சுந்தராம்பாள் தங்கமான மனுஷி. நிச்சயதார்த்தத்தன்று கோவிந்தம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சம்பந்திம்மா, முகூர்த்தப் பட்டு எங்க மால்ல எடுத்துக்கலாமா?"

"அதுக்கின்னா, எடுத்துக்கலாம். ஆவணிக்கு முன்னால ஒரு வெள்ளிக்கிழமை பாருங்க, எல்லாரும் வேன் வச்சிக்கினு வரோம்" என்றாள் சுந்தராம்பாள்.

கோவிந்தம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே ஹரிபாபுவிடம் போய், அந்த வெள்ளிக்கிழமை மட்டும் படியை ஓட்டச் சொல்லிக் கெஞ்சினாள். மனிதர் யோசித்துவிட்டு, "சரேலேம்மா, உன் பொண்ணுக்கு ஓட்டாம யாருக்கு ஓட்டறது" என்று ஒத்துக்கொண்டார். அவர் பாவம், வாக்குத் தவறவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்த திங்கட்கிழமை பட்டுக் கடைக்காரர் இருந்த சரக்கையெல்லாம் மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டார். அந்த வாரக் கடைசியில் மால் முழுவதையுமே மூடுவதாகச் சொன்னார்கள். கோவிந்தம்மா யூனிபாரத்தைத் துவைத்து மடித்து ஹரிபாபுவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அவள் வேலை போனதற்கு அழவில்லை. வெள்ளிக்கிழமை போனதற்கு அழுதாள்.

வேறு கடைக்குப் போகலாம் என்றால் யஸ்வந்துக்குக் கேட்ட லீவு கிடைக்கவில்லை. அவன் போனில் புடவைகளைப் பார்த்து அனுப்பினான். கார்வேட்டிநகரத்து அத்தைகளும் சித்திகளும் ஒரு வாட்ஸப் குரூப்பில் உட்கார்ந்துகொண்டு அதை வை, இதை எடு என்றார்கள். சுந்தராம்பாள் முதலில், போனிலா முகூர்த்தப் பட்டு எடுப்பார்கள் என்று முகம் சுளித்தாள். இரண்டே நாளில் எல்லோரையும்விட அவளே அதிகமாகப் படம் தள்ளிக்கொண்டிருந்தாள். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் வைத்த பட்டு முடிவாயிற்று. கோவிந்தம்மா அந்த குரூப்பில் இருந்தாள். வந்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் வாசலில் ஒரு பைக் நின்றது. பார்சல் கொண்டுவந்தவன் முரளி. மாலில் செருப்புக் கடையில் இருந்தவன், இப்போது புத்தூர் முழுக்கப் பார்சல் போடுகிறான்.

"அக்கா, உன் பேருக்குத்தான் வந்துகீது."

"எனக்கா? நான் ஒண்ணும் சொல்லலியேப்பா."

"பட்டுன்னு போட்டுகீது. பிரிச்சிப் பாத்துடுக்கா. கிழிசல் ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடணும்."

அவள் பிரித்தாள். மாம்பழ மஞ்சள். நீட்டிய கையைப் புடவைமேல் வைப்பதா எடுப்பதா என்று தெரியாமல் ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு முந்தானையை விரித்து, பார்டரைத் தடவி, மகள் தோளில் போட்டுப் பார்ப்பதுபோல் காற்றில் தூக்கிப் பிடித்தாள். ஓடுகிற படி இல்லை, கூட்டம் இல்லை. ஆனாலும் முதல் கை அவளுடையதுதான். முரளி போனபிறகும் வெகுநேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மத்தியானம் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

சந்தோஷம் வந்தால் வாய் நிற்காது. சாயங்காலம் சுந்தராம்பாள் போனில் கூப்பிட்டு, புடவை இன்னும் வந்து சேரவில்லையே என்றாள்.

"வந்திடுச்சி சம்பந்திம்மா. நேர்ல இன்னும் லட்சணமா கீது. நானே பிரிச்சிப் பாத்தேன்."

"நீங்களேவா பிரிச்சீங்க?" என்று கேட்டது அந்தப் பக்கம். பக்கத்துவீட்டுப் பெண் வாங்கினாள் என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் தீர்ந்தது. இந்த அசட்டுப் பெண்ணுக்கு அது தோன்றவில்லை.

"எங்க வூட்டுக்கு வரும்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள் சுந்தராம்பாள் மெதுவாக. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கிருக்கிறது ஒரே புள்ள. மனசுக்கு ஒரு மாதிரியா கீது. ரிட்டர்ன் இருக்குதாமே, காசு கூட புடிக்கமாட்டாங்களாம். அனுப்பிடுங்க. இன்னொண்ணு இங்க வரவச்சிக்கலாம்."

திட்டியிருந்தால் பதில் சொல்லலாம். இவ்வளவு தன்மையாகச் சொன்னால் என்ன செய்வது? "சரிங்க சம்பந்திம்மா" என்று கோவிந்தம்மா போனை வைத்தாள்.

மோகனப்ரியா கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் விஷயம் தெரிந்து குதித்தாள்.

"நான்தாம்மா உன் பேரு போடச் சொன்னேன். ஜாக்கெட் தைக்கணும்னு அவருகிட்ட சொல்லி நம்ம வூட்டு அட்ரஸ் குடுத்தேன். உன் கைதான் மொதல்ல படணும்னு அப்படிப் பண்ணேன். இந்தப் புடவைதான் கட்டுவேன். இல்லேன்னா கல்யாணமே வாணாம்னு சொல்லிடறேன்."

கோவிந்தம்மா மகளைப் பார்த்தாள். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லாம் தெரிந்திருக்கிறது. அதுவே போதும் என்று தோன்றியது. கூடவே பயமும் வந்தது. வீம்புக்குச் சண்டை போட்டுக்கொண்டு போகிற பெண்ணை அந்த வீட்டில் காலத்துக்கும் குத்திக்காட்டுவார்கள். நாளைக்கு யஸ்வந்துக்கு ஒரு தலைவலி வந்தால்கூட இந்தப் புடவைதான் காரணம் என்பார்கள்.

"ஒண்ணும் பேசாதே. துன்னுட்டுப் படு" என்றாள்.

மறுநாள் மகள் வேலைக்குப் போனபிறகு முரளி வந்தான். புடவையைப் போனில் இருந்த படத்தோடு ஒத்துப் பார்த்தான். இப்படியும் அப்படியும் புரட்டினான்.

"நல்லாத்தானே கீது? எதுக்குக்கா திருப்பற? காரணம் போடணும், இல்லேன்னா எடுத்துக்காது."

நல்ல புடவை. ஜரிகை நல்ல ஜரிகை, நிறம் நல்ல நிறம். கோவிந்தம்மா அதன்மேல் ஒரு பழியைப் போட வேண்டியிருந்தது.

"கலரு புடிக்கலன்னு போட்டுக்கோப்பா" என்றாள்.

மோகனப்ரியா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. அதே நிறம், அதே பார்டர் என்றால் மட்டும் கட்டிக்கொள்வேன் என்று யஸ்வந்திடம் சொல்லிவிட்டாள். அதே மாதிரி ஒன்று கார்வேட்டிநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வாசலில் சுந்தராம்பாள் மஞ்சள் குங்குமத்தோடு நின்று வாங்கினாளாம். திரும்பி வந்ததையே மறுபடி மடித்து அனுப்பினார்களோ என்னவோ, யார் கண்டது? இருந்தாலும் எல்லோருக்கும் மனசு நிம்மதியாயிற்று.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எத்திராஜும் அவன் பெண்டாட்டியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். தாலி ஏறும்போது கோவிந்தம்மா மண்டபத்தில் கடைசித் தூணருகே நின்று அட்சதையைப் போட்டாள். எல்லாம் முடிந்து ஜனங்கள் பந்திக்குப் போனார்கள். மோகனப்ரியா மாலையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அம்மாவைத் தேடி வந்தாள். கண்ணில் மை கலைந்திருந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்க வந்தாள்.

கோவிந்தம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கிட்ட வராதேடி, புடவை கசங்கிடும்" என்றாள்.