கிரனாடாவில் நான் கேட்ட கேள்விகள்

எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். என் கணவர் இதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார். லண்டன் மோர்டனில் எங்கள் தெருவில் உள்ளவர்களுக்கும் தெரியும். வாய் முந்திக்கொண்டு ஓடிவிடும், புத்தி மூச்சிரைக்கப் பின்னால் வரும். ஆனாலும் ஸ்பெயினுக்குப் போகும்வரை அதற்காக நான் பெரிதாக வெட்கப்பட்டதில்லை. கலகலப்பான மனுசி என்று நல்ல பெயர்தான் வாங்கி வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து நாலைந்து வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். அவரும் யாழ்ப்பாணம்தான், நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். அவருடைய கணவரை நான், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, நானா என்று கூப்பிடுவேன். பக்கத்து ஊரான சட்டனில் சிறிய ஃபோன் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது ஆரம்பித்த பழக்கம். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள், நாங்கள் இருவரும் மட்டும் விடவில்லை. கொழும்பில் என் அம்மா இறந்தபோது டிக்கெட் கிடைக்காமல் சமையலறைத் தரையில் விழுந்து அழுதேன். அன்று முழுவதும் என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் அவர். லண்டனில் எனக்கு உறவுக்காரர் நிறைய. உறவு என்றால் இவர் ஒருவர்தான்.

அவரிடம் நான் சொல்லாத கதை இல்லை. முக்கியமாக, தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த கதை. மழை, சனம், நகர முடியாத பாலம், அப்பாவின் சைக்கிளில் கட்டியிருந்த சாக்கு, நான் போட்டிருந்த சட்டையின் நிறம் வரை சொல்லியிருக்கிறேன். எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை கேட்பவர் போலக் கேட்பார், கண் கலங்குவார்.

அவருக்கு நீண்ட நாளாக ஓர் ஆசை இருந்தது. ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவில், கோர்தோபா என்ற ஊரில் இருக்கும் பழைய பெரிய பள்ளிவாசலை ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும். அது தேவாலயமாக மாறிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன என்பது அவருக்குத் தெரியும். "பாத்தால் போதும்" என்பார். போன வருடம் நான்தான் பிடிவாதமாக எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன். இரண்டு ஆண், இரண்டு பெண், ஒரு வாடகைக் கார். எங்கள் பெட்டியில் ரைஸ் குக்கர், அவர்கள் பெட்டியில் சம்பல் போத்தல். மாலகா விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் என் கணவர் காரைத் தெருவின் தவறான பக்கத்தில் ஏற்றினார். நானா ஓதத் தொடங்கிவிட்டார். அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

கோர்தோபாவுக்குப் போகும் வழியில் அக்கா காரிலேயே நானாவிடம் சொல்லிவிட்டார்:

"உள்ளுக்குப் போனால் கையைக்கூடத் தூக்காதேங்கோ. அங்க தொழ விடுறேல்லையாம். சும்மா பாத்திட்டு வருவம்."

நானும் கேட்டேன், காரை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரும் கேட்டார். கேட்டாரா என்பது வேறு கதை.

அந்த இடத்தை எப்படிச் சொல்வது? தூண், தூண், தூண். எந்தப் பக்கம் திரும்பினாலும் முடியாமல் போய்க்கொண்டே இருக்கும் தூண்கள், அவற்றின் மேலே சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். நடுவில் பெரிய தேவாலயத்தைக் கொண்டுவந்து இறக்கி வைத்திருக்கிறார்கள். கடைசியில், தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் மாடம் கம்பித் தடுப்புக்கு அப்பால் பொன்னாக மின்னியது. அக்கா அதன் முன்னால் போய் நின்றார். கைகள் இரண்டையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதற்காக என்று எனக்குப் புரிந்தது. இவ்வளவு ஆசைப்பட்டு வந்து கையைப் பையில் ஒளித்துக்கொண்டு நிற்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் கணவர் தரையில் விழுந்தார்.

வழுக்கி விழவில்லை. விழுந்து கும்பிட்டார். அவருக்குக் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் என்ற பேதம் கிடையாது. தெய்வம் இருக்கும் என்று தோன்றினால் போதும், நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிடுவார். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான். நேர்த்தி வைப்பதற்குச் சாமியின் மதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கமாட்டோம். கையைத் தலைக்கு மேல் நீட்டி, நெற்றி கல்லில் பட, சாவகாசமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

காவலர் ஒருவர் ஓடி வந்தார். இன்னொருவரும் வந்தார். கடுமையாக ஒன்றும் பேசவில்லை; எழும்பச் சொன்னார்கள், இங்கே தொழக்கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். சுற்றியிருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிலர் ஃபோனைத் தூக்கினார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. சீருடையைக் கண்டால் இன்றும் எனக்கு அந்தப் பயம் வரும், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் பையில் இருந்தாலும் வரும். நான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு குறுக்கே பாய்ந்தேன்.

"நோ முஸ்லிம்! நோ முஸ்லிம்! ஹிந்து! நோ ப்ராப்ளம்!"

அந்த மண்டபத்தில் சத்தம் நன்றாகத்தான் எதிரொலிக்கிறது. முஸ்லிம் என்றால் பிரச்சினை, நாங்கள் முஸ்லிம் இல்லை, ஆகவே பிரச்சினை இல்லை. இதைத்தான் சொன்னேன். சுற்றி வளைக்காமல், கூரையில் பட்டுத் திரும்பும்படி சொன்னேன்.

காவலர்கள் போய்விட்டார்கள். கணவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினார். நான் திரும்பினேன். முக்காட்டுடன் அக்கா ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். கை இன்னும் பைக்குள் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட ஆசைதான். பார்த்தார்.

"வாங்கோ, அங்கால பக்கமும் பாப்பம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த அழகான ஊரெல்லாம் சுற்றினேன். மறுநாள் அந்தகேரா என்ற ஊருக்கு மேலே ஒரு மலைக்குப் போனோம். சுண்ணாம்புக் கற்கள் தோசை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாக வானத்தைப் பார்த்து நிற்கும். இடுக்கெல்லாம் மலையாடுகள். காற்று அள்ளிக்கொண்டு போனது. நான் அக்காவின் பையைத் தூக்கினேன், அவர் கேட்காமலே தண்ணீர் நீட்டினேன், கல்லில் ஏறக் கை கொடுத்தேன். அசடு வழிய அவருக்குப் பின்னாலேயே திரிந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "தாங்க்ஸ்" என்றார். இத்தனை வருடத்தில் எங்களுக்குள் அந்தச் சொல் வந்ததே இல்லை. தனியாக ஓர் இடத்தில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். என் நீளமான நாக்கு அன்று பார்த்து மடங்கிக்கொண்டது.

அடுத்தது கிரனாடா. அல்ஹம்ப்ரா மாளிகையைப் பார்த்து முடித்த பிறகு, எதிர்க் குன்றிலிருக்கும் பழைய வெள்ளை வீடுகளுக்கு நடுவே வழிகாட்டியான ஓர் இளம்பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல ஆங்கிலம், நல்ல சுறுசுறுப்பு. ஓரிடத்தில் நின்று, இந்த வீடுகளில் ஒரு காலத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள் என்றாள். ராஜ்யம் கிறிஸ்தவ அரசர்களிடம் போன பிறகு அவர்களை மதம் மாற்றினார்கள், அதுவும் போதாதென்று பின்னர் ஊரைவிட்டே வெளியேற்றினார்கள், கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டுபோகச் சொன்னார்கள் என்றாள்.

அக்காவுக்கு என் மனதைக் காட்ட இதுதான் சந்தர்ப்பம் என்று நினைத்தேன். அவருடைய ஆட்களின் துயரத்துக்கு நான் உருகுவதை அவர் பார்க்கட்டும். பொய்யாக நடிக்கவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

யாழ்ப்பாணத்தார் ஒரு புதுத் தமிழ் முகத்தைக் கண்டால் கேட்பதற்கென்று சில கேள்விகள் உண்டு. ஊரில எவடம்? எப்ப வெளிக்கிட்டது? என்னத்தைக் கொண்டு வந்தது? வீடு இருக்கா, இப்ப ஆர் இருக்கினம்? ட்யூப் ரயிலில், கடையில், டாக்டரின் வரவேற்பறையில், எங்கே கண்டாலும் கேட்போம். கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. அதே கேள்விகளை நான் அந்தப் பெண்ணிடம் பல நூறு வருடத்துக்கு முந்திய சனத்தைப் பற்றிக் கேட்டேன். எந்தப் பாதையால் போனார்கள்? குழந்தைகளையும் கொண்டுபோனார்களா? வயதானவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களுடைய வீடுகளில் யார் வந்து குடியேறியது? பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா?

"பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார்கள் என்று எங்களிடம் அதிகம் பதிவு இல்லை" என்றாள் அந்தப் பெண்.

"எவ்வளவு அநியாயம்!" என்று நான் தமிழில் சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தேன். அவர் மதிலில் கைவைத்து, பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். நானா அவருடைய தோளைத் தொட்டு ஏதோ சொன்னார்.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். தெருவில் கண்டால் சிரித்தார். வட்ஸ்அப்பில் ஸ்பெயின் படங்களை ஒழுங்காக அனுப்பினார். எனக்குச் சமையல் ஓடவில்லை. கணவர், "போய்க் காலில விழுந்தெண்டாலும் கதை" என்றார். விழுவதைப் பற்றி அவர் பேசக்கூடாது என்று எரிந்து விழுந்தேன். ஆனால் போகத்தான் போனேன்.

பருத்தித்துறை வடை சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லி, சமையலறை மேசையில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றினார். நான் கோப்பையைத் தொடாமலே மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"அக்கா, கோர்தோபாவில நான் கத்தினது… பயத்தில வந்திட்டுது. என்னை மன்னியுங்கோ."

"அதையா?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அதை நான் அண்டைக்கே விட்டிட்டன். அந்த நேரம் எனக்கும் பயம்தான். ஆருக்கும் வாய் தடுமாறும்."

எனக்கு உயிர் வந்தது. அரை நிமிடம்தான் இருந்திருக்கும்.

"கிரனாடாவில அந்தப் பிள்ளையிட்ட எத்தினை கேள்வி கேட்டனீங்கள்! எந்தப் பாதையால போனவை, என்ன கொண்டு போனவை, வீட்டில ஆர் இருந்தவை. எவ்வளவு அக்கறை! இவ்வளவு காலமாப் பழகிறம். என்னட்ட ஒண்டும் கேக்கேல்லையே."

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரையும், ஆயுதத்தோடு வந்த எங்கள் தமிழ் இயக்கத்துப் பெடியன்கள் ஒரே நாளில் ஊரைவிட்டு விரட்டினார்கள். சந்திக்குச் சந்தி நிறுத்திக் காதில் கழுத்தில் கிடந்ததைக்கூடக் கழற்றினார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. யாருக்கும் தெரியாததல்ல. தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை. லண்டனில் எந்தத் தமிழரைக் கண்டாலும் எப்ப வெளிக்கிட்டனீங்கள் என்று கேட்கும் நான், இந்த ஒரு மனுசியிடம் மட்டும் பிரியாணி மசாலாவும் பிள்ளைகளின் படிப்பும் பேசியே காலத்தைக் கடத்தியிருக்கிறேன்.

"தெரியும் அக்கா… உங்களுக்குக் கவலையா இருக்குமெண்டு…" என்று இழுத்தேன்.

"எனக்கோ, உங்களுக்கோ?"

கோப்பையைக் கையில் எடுத்தேன். அவர் விடவில்லை. கோபமாகக் கேட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன். மெதுவாக, தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

"சரி, நான் ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

"வீட்டில."

வீடு அவருடைய தெருவிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். நான் பதினேழு வயதில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் அறியாத குழந்தை இல்லை.

"என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். வீட்டில் ரேடியோ போட்டிருந்ததா, அம்மா என்ன சமைத்தார், அப்பா என்ன சொன்னார், யாராவது வாசலில் வந்து செய்தி சொன்னார்களா? எவ்வளவு தோண்டியும் ஒன்றும் அகப்படவில்லை. ஐந்து வருடம் கழித்து நாங்கள் வெளிக்கிட்ட நாளில் என் சட்டையின் நிறம் தெரியும். அவர்கள் போன நாளில் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருக்கள் கதவும் ஓடும் இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த வழியால் போனால் டியூஷனுக்குக் கிட்ட என்று தினமும் சைக்கிளில் போனதும் ஞாபகம் இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஞாபகம் இல்லை அக்கா" என்றேன். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தது.

அவர் தலையாட்டினார். வடையில் ஒன்றை எடுத்து உடைத்தார், வாயில் வைக்கவில்லை.

"லண்டனுக்கு வந்த நாளில இருந்து எங்கட ஊர் ஆக்கள் எல்லாரிட்டையும் இதைக் கேட்டிருக்கிறன். பக்கத்துத் தெருவில இருந்தவை, வாப்பாட கடையில சாமான் வாங்கினவை, என்னோட ஒரே வகுப்பில படிச்சவை. ஒருதருக்கும் அந்த நாள் ஞாபகம் இல்லை" என்றார். "உங்களிட்ட மட்டும்தான் கேக்காமல் வைச்சிருந்தனான்."