எறியக் கூடாத எறியாயுதம்

எறிவதற்கென்றே வடிவமைத்த ஒன்றை, யாரும் எறிந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு செய்வதுதான் இந்தத் தொழில். படங்களில் முகமூடி நாயகர்கள் இடுப்பிலிருந்து உருவி வீசுவார்களே, இரண்டு பக்கமும் சிறகு விரித்த, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய தகடு, அதன் இரும்பு நகலை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங்கில் என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் செய்துகொண்டிருந்தேன். வாங்குகிறவர்கள் கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள், அல்லது வேடமிட்டுப் போகும் விழாக்களில் இடுப்பில் செருகிக்கொள்வார்கள். வீட்டில் இருந்தபடியே எதையாவது செய்து விற்றுப் பிழைக்க முயன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதில் சிரிக்க இடம் இருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை

அதற்கு முன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் தகடு வெட்டினேன். வாரம் முழுவதும் அங்கே ஒரு கட்டில். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து புறப்பட்டு, எல்லைச் சாவடி வரிசையில் நின்று வீடு வந்துசேரும்போது மகள் கவினா தூங்கியிருப்பாள். ஞாயிறு மாலை நான் கிளம்பும்போது தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படியே அவளுக்கு மூன்று வயது முடிந்தது.

ஒரு சனிக்கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் மனைவி கோமதியின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு காதில் சொல்வதாக நினைத்து உரக்கவே கேட்டாள். அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன். தீபாவளி வரை வீட்டில் இருந்து பார்ப்பது, குடும்பம் ஓடினால் இருப்பது, இல்லையென்றால் திரும்பிப் போவது என்று கோமதியோடு பேசி முடிவு செய்தேன். பழைய சூப்பர்வைசரும் அதுவரை இடத்தைப் பிடித்து வைப்பதாகச் சொன்னார். கவினா கேட்டது இதுதான்: "இந்த அங்கிள் இன்னைக்கும் இங்கதான் தூங்குவாங்களாம்மா?"

தேடல்

முதலில் காகிதத்தில் சிறகை வரைந்து தகட்டின்மேல் ஒட்டுவேன். நேரான இடங்களை கிரைண்டரால் வெட்டலாம். உள்வளைவுகளுக்கு வரிசையாகத் துளை போட்டு, துளைகளுக்கு இடையே உள்ளதை அறுத்து, பிறகு அரம். அதற்குப் பிறகும் அரம். கடைசியாக, கூராக இருக்கும் எல்லா ஓரங்களையும் மழுக்கி உருட்டுவேன். ஆயுதம் செய்வதில் பாதி வேலை அது ஆயுதமாகாமல் பார்த்துக்கொள்வது.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: வீசினால் திரும்பி வருமா? வராது என்று சொன்னால் நான் ஏதோ சிக்கனம் பண்ணிவிட்டதைப் போல் பார்ப்பார்கள். குளுவாங்கில் வங்கி வேலை பார்த்த ஒரு தம்பி நம்பவே இல்லை. கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு என் வீட்டுப் பின்புறம் போனார். நான் தடுப்பதற்குள் வீசினார். தகடு மிக அழகாகப் போனது. ரயில் பாதை வேலியைத் தாண்டி லாலாங் புல்லுக்குள் விழுந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நெடுங்கழியால் புல்லை விலக்கி விலக்கி இருவரும் தேடினோம். அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கப் பூந்தூள். ஒரு ரயில் போனது. அது போன பிறகு அவர் கழியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, படத்துல எவனும் தேடிப் போறதக் காட்டவே இல்லையே!"

கையில் கொடுக்காதது

தங்காக்கிலிருந்து ஒரு மருத்துவமனைத் தாதி வந்தார். கட்டிக்கொள்ளப் போகிறவருக்குப் பிறந்தநாள் பரிசு. துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்து அவரிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. திரும்பவும் நீட்டினேன். ஒரு அடி பின்னால் போனார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கத்தி, ஊசி, அரிவாள் எதையும் எங்கள் வீட்டிலும் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள். வெண்ணெய்கூட வெட்டாத தகடு இது என்று சொல்லலாம்தான்.  சிமெண்டுத் தரையில் வைத்தேன். அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். அப்படியானால் மாப்பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "கட்டில்மேல வச்சிட்டு வெளிய வந்துருவேண்ணே. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கு, சண்டைய இப்பவே ஆரம்பிக்க வேணாம்லா."

காவலர்

இந்திய ஆள் ஒருவன் வீட்டில் ஆயுதம் செய்கிறான் என்று யாரோ போலீஸ் நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். பொய்யென்று சொல்ல முடியாது. ஒரு மலாய்க் கார்ப்பரல் மோட்டார் சைக்கிளில் வந்தார். கோமதி தேநீர் கலக்கப் போனாள்.  அன்று அவர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி எடுத்துப் போயிருந்தால், தீபாவளி வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கட்டைவிரலை ஓரத்தில் வைத்து மெதுவாக இழுத்தார். பிறகு அழுத்தி இழுத்தார். விரலைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அறுத்துப் பார்த்தார். தாள் மடங்கியது. கூர் வைத்துக் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று மலாயில் சொன்னேன். அது உண்மை. தேநீரைக் குடித்து முடித்தார். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வாசலுக்குப் போய்த் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி அவர் மலாயில் சொன்னதன் பொருள்: "கூர் வைக்காதவரை எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் இந்த வீடு இருக்கிற இடத்தை மட்டும் என் மகனிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்."

பொட்டு

ஜொகூர் பாருவில் பொம்மைக்கடை வைத்திருக்கும் ஒரு சீனர், நான் பாஸ் என்று அழைப்பவர், ஒரு கண்காட்சிக்காக இரண்டு பெட்டி நிறையக் கேட்டார். எல்லாம் முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாக இருக்க வேண்டும். இது சரியாகப் போனால் மாதாமாதம் எடுப்பதாகச் சொன்னார். அப்படி எடுத்தால் நான் சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டியதில்லை.  இரவில் கவினா என் வயிற்றின்மேல் கால் போட்டுத் தூங்கப் பழகியிருந்தாள்.

எல்லாவற்றையும் மெருகேற்றி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தின்னரால் துடைத்து வைத்தேன். அடுத்து, துருப்பிடிக்காமல் இருக்க லேக்கர் என்ற நிறமில்லாத பூச்சு அடிக்க வேண்டும். மழை விடவில்லை. ஈரக்காற்றில் லேக்கர் அடித்தால் பால் போல வெளுத்துவிடும். ஒரு நாள் வெயில் வரட்டும் என்று காத்திருந்தபோது ஆயுத பூஜை வந்தது. கோமதி கிரைண்டர், டிரில், அரங்களைக் கழுவித் துடைத்துச் சாமிப் படத்தின் முன்னால் வைத்தாள். பிறகு வெற்று இரும்பாக இருந்த அந்தத் தகடுகளையும் கொண்டுவந்து வாழையிலையில் வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றின் நடுவிலும் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். நான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பொட்டு வைத்துப் படைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். சூடம் காட்டினாள். நானும் கும்பிட்டேன்.

விஜயதசமி காலையில் பொட்டைத் துடைத்தபோது ஒவ்வொரு தகட்டிலும் அதே இடத்தில் அதே அளவில் பழுப்பு வட்டம். துருவைத் தேய்த்து எடுக்கலாம். எடுத்த இடம் மங்கித் தெரியும். அதைச் சுற்றி மறுபடி மெருகேற்றினால் அந்த இடம் லேசாகக் குழியும். கண்ணாடி போன்ற பரப்பில் அந்தக் குழி, தெளிந்த தண்ணீரில் சுழி விழுந்த மாதிரி. கோமதி ஒன்றைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பொழப்புக் குடுக்கறத எல்லாம் சாமி முன்னாடி வைக்கணும்னு நெனச்சேன்" என்றாள்.

இரண்டு குவியல்

கண்காட்சிக்கு முன்தினம் பாஸ் வேனில் வந்தார். அதுவரை கோமதியும் நானும் தேய்த்தோம். அவள் தேய்த்தவை என்னுடையவற்றைவிட நன்றாகவே இருந்தன. நான் அவசரப்பட்டுச் சக்கரத்தில் அழுத்தினேன், அவள் கையாலேயே தேய்த்தாள். நடந்ததை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்ல எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

வேன் கதவைத் திறந்து வைத்து, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். சரியானதை வலப்பக்கம் வைத்தார், மற்றதை இடப்பக்கம். இடப்பக்கம் உயர்ந்துகொண்டே போனது. கோமதி கவினாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் வலப்பக்கத்துக்கு உரிய பணத்தைக் குறைக்காமல் கொடுத்தார். மாதாமாதம் என்ற பேச்சை எடுக்கவில்லை.  வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, மலாயில், மிக மெதுவாகச் சொன்னார்: "என் கடையிலும் சாமி இருக்கிறது. நாங்கள் அவருக்கு ஆரஞ்சுப் பழம் வைப்போம். சரக்கை வைப்பதில்லை."

தீபாவளிக்கு முன்

சூப்பர்வைசருக்கு நானே போன் செய்தேன். இடம் இருக்கிறது, தீபாவளி முடிந்து வா என்றார். பேசிவிட்டுப் பின்கட்டுக்கு வந்தேன். கோமதி தரையில் உட்கார்ந்து இடப்பக்கக் குவியலுக்கு எண்ணெய் தடவி, பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். அந்த வீட்டில் எங்கிருந்து பேசினாலும் கேட்கும். கவினா சுற்றி வைத்ததை எல்லாம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் கோமதிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் எனக்குச் சொல்லக் கூடாதே என்றும் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தேன். அவள் என்னிடமிருந்து அதை வாங்கி, கவினா பிரித்துப் போட்டிருந்த தகட்டை மறுபடி சுற்றினாள். நூல் கட்டி முடிச்சுப் போடும்போது, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அடுத்த வருஷம் லேக்கர் அடிச்சப்புறம் பொட்டு வைக்கலாம்ங்க."

உலகத்தைக் காப்பாற்றும் ஆயுதத்தைச் செய்யத் தெரிந்த நம்மில் ஒருவருக்கும், வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூர் எல்லையில் வீடு திரும்பக் காத்து நிற்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் வரிசையைச் சுருக்க மட்டும் தெரியவில்லை.