நாலு ஆப்பும் ஓர் அறையும்

அம்சவல்லிக்கு நாற்பத்து நான்கு வயது. அதில் இருபத்தாறு வருடங்களை ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைச் சரிவில் கத்தரியும் கையுமாகக் கழித்தவள். வேலைக்காட்டில் அவளுடைய கத்தரிச் சத்தம் ஓயாது. வாய்ச்சத்தம் அதைவிட ஓயாது. கை முந்தும், வாய் அதற்கடுத்து, யோசனை நொண்டிக்கொண்டு கடைசியில் வரும் என்பான் அவள் புருஷன் யோகேந்திரன். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு மலை இறங்கும் லோரிக்காரன் அவன். எந்த வளைவில் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அம்சவல்லிக்குப் பிரேக்கே வைக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பிரேக் இல்லாத கைதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கராஜு கங்காணியின் கன்னத்தில் இறங்கியது.

மழை விட்ட நேரம். முதுகில் கொழுந்து மூட்டையோடு மேல் வரிசைக்கு ஏற, இடது கால் விரல்களைச் சேற்றில் ஊன்றி உந்தினாள். ‘டப்’ என்று ஒரு சத்தம். குதிகாலுக்குச் சற்று மேலே யாரோ பூட்ஸ் காலால் ஓங்கி உதைத்ததுபோல் ஓர் அடி. திரும்பினாள். கீழ் வரிசையில், கைக்கு எட்டும் தூரத்தில் தங்கராஜு நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் குடை, மறுகையில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் பால் விடாத சூடான தேநீர், தே ஓ; உறிஞ்சுகுழாய் வாயில். சரிவு என்பதால் அவன் கன்னம் வெகு வாட்டமான உயரத்தில் இருந்தது.

“பொம்பளைய ஒதைக்கிறியா நீ?”

பளார்!

குடை ஒரு பக்கம் பறந்தது. தே ஓ முழுக்கச் சட்டையில். வாயிலிருந்த உறிஞ்சுகுழாய் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டாவது அறைக்காக ஓர் எட்டு வைத்தாள். கால் பேச்சைக் கேட்கவில்லை. தேயிலைச் செடிமேல் மல்லாந்து விழுந்தாள்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு கெண்டைச் சதைகளையும் மாறி மாறி அமுக்கிப் பார்த்தார். வலது பாதம் ‘ஆமாம்’ என்று தலையாட்டியது. இடது பாதம் சும்மா கிடந்தது. கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டி வைத்திருக்கும் தடித்த நரம்பு அறுந்துவிட்டது என்றார். ஸ்கேன் பார்த்துவிட்டு இரண்டு வழிகள் சொன்னார். ஈப்போவுக்குப் போய் வெட்டித் தைப்பது ஒன்று. பாதத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் அறுந்த இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்கின்றன; அப்படியே அசையாமல் வைத்துத் தானாகக் கூட விடுவது இன்னொன்று. உடனே வந்துவிட்டதால் இரண்டாவது வழியே போதும், வெட்டினாலும் பலன் ஏறக்குறைய அதேதான்.

“வெட்டாமலே கூடுமா டாக்டர்?” என்று அம்சவல்லி கேட்டாள்.

“கூடும்மா. ஆனா நீங்க மாசக் கணக்குல பொறுமையா இருக்கணும்.”

“அப்ப வெட்டிருங்க டாக்டர்,” என்றான் யோகேந்திரன்.

அவள் முறைத்த முறைப்பில் இரண்டாவது வழி முடிவாகிவிட்டது.

இரண்டு வாரம் மாவுக்கட்டு. பிறகு முழங்கால்வரை வரும் கறுப்பு பூட்ஸ். அதை மாட்டிவிட்டவள் ஹஃபீசா. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை தருபவள், டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சலாஹுதீனின் மகள். குதிகாலுக்கு அடியில் நாலு ஆப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினாள். பாதம் குதிகால் உயர்ந்த செருப்புப் போட்டதுபோல் சாய்ந்து நின்றது.

“வாரத்துக்கு ஒண்ணா நான்தான் எடுப்பேன். நீங்க கைவைக்கக் கூடாது. தூங்கினாலும் பூட்ஸோடதான். வெறுங்கால தரையில வச்சு ஒரு எட்டு, ஒரே எட்டு வச்சீங்கன்னாக்கூட மறுபடி அறுந்துரும்க்கா.”

“இந்த வயசுல எனக்கு ஹை ஹீல்ஸா தங்கச்சி?”

“அதுவும் ஒத்தைக் காலுக்கு மட்டும்!”

வீட்டுக்கு வந்தால் வைத்தியர் கூட்டம். பக்கத்து வீட்டு யோகேஸ்வரி காய்ச்சிய எண்ணெயோடு வந்து உட்கார்ந்தாள். நரம்பை நீவி, கால்விரலை மேலே இழுத்துவிட்டால் மூன்று நாளில் ஓடலாமாம். அறுந்த முனைகள் பிரிந்து போவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. அம்சவல்லி ஊன்றுகட்டையைக் கையில் எடுத்தாள்.

“கிட்ட வந்தே, ஒனக்கும் ஒரு மாவுக்கட்டு போட்டு விட்டுருவேன்.”

“நல்லதுக்குச் சொன்னா கோவத்தப் பாரு லா. போன வருசம் தீமிதிக்கு நேந்துக்கிட்டு எறங்காம விட்டே. சாமி காலைப் புடிச்சிருச்சு.”

“சாமிக்குக் கோவம்னா முன்னால வந்து கேக்கட்டும். பின்னால வந்து ஒதைக்கிறது என்ன பழக்கம்? அது கங்காணி பழக்கம்.”

யோகேஸ்வரிக்கு எண்ணெய் வீணானாலும் செய்தி கிடைத்துவிட்டது. ‘கங்காணி ஒதைச்சுத்தான் அம்சா காலு போச்சு’ என்ற சேதி அன்று சாயங்காலத்துக்குள் தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்கப் பரவியது. தங்கராஜுவின் சம்சாரமே அவனுக்குச் சோற்றைத் தட்டில் போட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாளாம்.

நான்காவது வாரம் யோகேந்திரன் முகம் வெளிறி வந்தான். தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி பழனியப்பன், கங்காணி எழுதிக் கொடுத்திருந்த ரிப்போர்ட்டை அவனுக்கு வாசித்துக் காட்டியிருந்தார். ‘மேற்படி தொழிலாளி காலையிலேயே வீட்டிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தார். வேலைக்காட்டில் எந்தச் சம்பவமும் நடக்கவில்லை.’

ஒரு கங்காணி, பதினைந்து பெண்களுக்கு முன்னால், கொழுந்து வெட்டுகிறவளிடம் அறை வாங்கினான் என்று எப்படி எழுதுவது? அறையை மறைக்க நினைத்தவன் காலையும் சேர்த்து மறைத்துவிட்டான்.

விளைவு சின்னதில்லை. வேலையில் பட்ட அடி என்றால் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ பார்த்துக்கொள்ளும். கால் தேறும்வரை வேலையும் காத்திருக்கும். வீட்டில் பட்ட அடி என்றால் மருத்துவ விடுப்பு தீர்ந்ததும் பேரை வெட்டிவிடலாம். பேர் வெட்டப்பட்டால் ஒரு மாதத்தில் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். இருபத்தாறு வருடம் மலையைத் தலை முதல் கால்வரை அவள் கத்தரித்திருக்கிறாள். அந்த மலையில் அவளுக்குச் சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. உழைக்கிற காலுக்குத்தான் வீடு; கால் அறுந்தால் கூரையும் அறுந்துவிடும். இப்படி ஒரு சட்டத்தை எழுதியவன் நிச்சயம் சொந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பான்.

“ஹஃபீசா நாலு ஆப்பு வச்சா. கங்காணி அஞ்சாவது ஆப்பு வச்சுட்டான்,” என்றாள் அம்சவல்லி.

“நீ அறைஞ்சதைச் சொல்லாம நிரூபிக்க முடியாது அம்சா. அறைஞ்சேன்னு சொன்னா ஒழுங்கு நடவடிக்கைன்னு வேலை போயிரும். அறையலைன்னு சொன்னா வீடு போயிரும்.”

“கூட இருந்தவளுங்க சொல்ல மாட்டாளுங்களா?”

“மறுநாள் எந்த மலைக்கு யாரை அனுப்புறதுன்னு கங்காணிதானே சொல்றான்? எவ வாயத் தொறப்பா?”

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதையெல்லாம் அவள் ஹஃபீசாவிடம் கொட்டினாள். “ஒதைச்சவனே ஒண்ணும் நடக்கலைன்னு எழுதிட்டான்மா!”

ஹஃபீசா சிரிக்கத் தொடங்கினாள். கையிலிருந்த ஆப்பு கீழே விழுந்தது.

“அக்கா, ஒங்கள யாரும் ஒதைக்கல.”

“எங்காலு, எனக்குத் தெரியாதா?”

“தெரியாது. இந்த நரம்பு அறுந்தா எல்லாருக்கும் அப்படித்தான் தோணும், பின்னாலேருந்து ஒரு ஒதை. போன மாசம் ஒரு வாத்தியார் வந்தாரு. பேட்மிண்டன் ஆடுறப்ப அறுந்திருக்கு. எதிராளி ராக்கெட்டால அடிச்சுட்டான்னு சண்டைக்குப் போயிருக்காரு. எதிராளி வலைக்கு அந்தப் பக்கம் நிக்கிறான்!”

இருபத்தாறு வருடமாக ஓயாத அம்சவல்லியின் வாயை மூடவைத்ததை ஹஃபீசா ஒரு சிகிச்சையாகவே எழுதி வைக்கலாம். அம்சவல்லி மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நான் அறைஞ்சது?”

“சும்மா நின்னு தே ஓ குடிச்ச மனுசனை.”

வெட்கமாக இருந்தது. நாலு வாரமாக ஒரு மனுசனை லயமே திட்டிக்கொண்டிருக்கிறது. ஆரம்பித்து வைத்தது அவள். ஆனால் அவளுடைய யோசனை, நொண்டினாலும், வந்து சேர்ந்துவிடும் யோசனை. வீடு திரும்பும் பாதி வழியில், பஸ்ஸிலேயே எழுந்து நிற்கப் பார்த்தாள்; துணைக்கு வந்திருந்த யோகேந்திரன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான்.

“இந்தாங்க, கேளுங்க. நரம்பு அறுந்ததாலதானே ஒதைச்ச மாதிரி இருந்துச்சு? ஒதைச்ச மாதிரி இருந்ததாலதானே அறைஞ்சேன்? அப்ப நான் எங்க அறைஞ்சேனோ அங்கதானே நரம்பு அறுந்திருக்கணும்?”

யோகேந்திரன் யோசித்தான். “அதுக்கு நீ அறைஞ்சதை அவன் ஒத்துக்கணுமே.”

ஹஃபீசா கடிதம் எழுதித் தந்தாள். மானேஜரிடம் விசாரணை கேட்டு அம்சவல்லி மனுக் கொடுத்தாள்.

விசாரணை நாளில் ஆபீஸ் வாசலில் பழனியப்பன் வழக்கம்போல், “செருப்ப வெளியே கழட்டும்மா,” என்றார். உள்ளே மானேஜரின் பூட்ஸ் சேறு தரையெல்லாம் அச்சாகியிருந்தது.

“இது செருப்பு இல்லண்ணே, மருந்து.”

ஆபீஸில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் மானேஜர் கைருல், மற்றதில் கிராணி. தொழிலாளிக்கென்று ஒரு நாற்காலி போட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. அம்சவல்லி ஊன்றுகட்டைகளைப் பிடித்துக்கொண்டு வலது காலில் நின்றாள். தங்கராஜு சுவரோரம் நின்றான்.

“துரை, நான் கங்காணிய அறைஞ்சேன்.”

“அவ அறையல துரை,” என்றான் தங்கராஜு.

கைருல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மலையில் வளர்ந்தவர், தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் இந்தத் தமிழ் புரியவில்லை. அடித்தவர் இல்லை என்பதும் வாங்கியவர் ஆமாம் என்பதும்தானே வழக்கம்?

“அடோய்! கங்காணி, நல்லா யோசிச்சுச் சொல்லு. அறைஞ்சாளா, இல்லையா?”

“நான் கங்காணி துரை. என்னை யாரு அறைவா?”

“வல்லி, அறைஞ்சேன்னு சொன்னா ஒனக்குத்தான் சூசா லா, கஷ்டம். தெரியுமா?”

“தெரியும் துரை. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா எங்காலு ஒங்க வேலைக்காட்டுலதான் அறுந்துச்சு.”

ஒற்றைக்காலில் நின்றாள், அந்தச் சொல்லுக்கு உள்ள எல்லா அர்த்தத்திலும்.

கைருல் ஹஃபீசாவின் கடிதத்தைப் படித்தார். மலாயில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். உதை இல்லாமலே உதைபட்டதாகத் தோன்றும் என்ற இடம் வந்ததும் தங்கராஜுவின் தலை நிமிர்ந்தது. அம்சவல்லி அவன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நீங்க என்னை ஒதைக்கல. நான்தான் தப்பா நெனச்சு ஊரெல்லாம் சொல்லிட்டேன். அறைஞ்சதும் தப்பு. மன்னிச்சிருங்க.”

அவள் ஊன்றுகட்டையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனா ஒண்ணு. நீங்க ஒதைக்கலைன்னு சொல்ற சாட்சி இந்தக் கடுதாசி ஒண்ணுதான். நான் அங்க நின்னு, அங்கயே நரம்பு அறுந்து, அங்கயே ஒங்கள அறைஞ்சிருந்தாத்தான் இது செல்லும். ஒண்ணுமே நடக்கலைன்னு நீங்க சொன்னா, ஒதைச்சதை மறைக்கத்தான் பொய் எழுதினாருன்னு லயத்துல பேசுவாங்க. பேசிக்கிட்டே இருப்பாங்க.”

தங்கராஜு சுவரை விட்டு வந்து மேசைமேல் இருந்த கடிதத்தை எட்டிப் பார்த்தான்.

“துரை, இந்தக் கடுதாசியில ஒரு போட்டோஸ்டாட் எடுத்துத் தருவீங்களா? எஞ் சம்சாரத்துக்கிட்ட காட்டணும்.”

“தரலாம்.”

“அறைஞ்சா துரை.” ஐந்து வாரத்துப் பாரம் இறங்கியதுபோல் அவன் குரல் ஓங்கியது. “நல்லாவே அறைஞ்சா! தே ஓ கொதிக்கக் கொதிக்க நெஞ்சுல!”

பழனியப்பன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, நீண்ட நேரம் இருமினார்.

அம்சவல்லிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. ‘செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வேலைக்காட்டில், பணியின்போது, மேலாளை அறைந்த குற்றத்துக்காக.’ அந்தத் தோட்டத்தில் எச்சரிக்கைக் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்து மடியில் பத்திரமாகச் செருகியவள் அவள் ஒருத்திதான். நாள், நேரம், இடம் எல்லாம் மானேஜர் கையெழுத்தோடு இருந்தது. பழைய ரிப்போர்ட் ரத்தானது. சொக்சோ தாள்கள் நகர்ந்தன. வீடு நின்றது.

அதன்பின் நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. ஆப்புகள் ஒவ்வொன்றாகப் போயின. பத்தாவது வாரம் பூட்ஸும் போய், குதிகாலில் மெத்தை வைத்த சப்பாத்து வந்தது. கெண்டைச் சதை பாதியாகச் சூம்பியிருந்தது. தினமும் சமையல்கட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகால்களையும் தூக்கி இறக்கினாள். சாம்பார் கொதிப்பதற்குள் இருபது முறை. இடது காலை மட்டும் ஊன்றித் தூக்கப் பார்த்தபோது குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. திட்டினாள். காலுக்குத் திட்டு புரியவில்லை. பொறுமை என்ற சொல்லை அவளுக்கு யாராலும் கற்பிக்க முடிந்ததில்லை. அந்த நரம்பு ஒரு நாளைக்கு ஒரு நூல் அளவாகக் கற்பித்தது. நாலாம் மாதம் முதல் தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரில் உட்கார்ந்து இலை பொறுக்கினாள். ஏழாம் மாதம் ஒரு காலை, இடது குதிகால் ஒரு விரல் கனம் எழும்பியது. யோகேந்திரனைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் இறங்கிவிட்டது. மறுநாள் மறுபடி எழும்பியது.

ஹஃபீசா ஏறலாம் என்று எழுதிக் கொடுத்த வாரம், திங்கட்கிழமை, பேர் வாசித்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பனி இன்னும் கலையவில்லை. தங்கராஜு டார்ச் வெளிச்சத்தில் பேர் வாசித்துக்கொண்டிருந்தான். ஏழு மாதமாக மேல் சரிவுக் கணக்கில் வாசிக்காத பேர் ஒன்று வந்தது. கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைச் செருமினான்.

“அம்சவல்லி!”

“வந்துட்டேன், வந்துட்டேன். எந்த மலை லா?”